தெரிந்துகொண்டே தவறுவது எப்படி?

கிரேக்க ஞானம் என்றதும் நம்மவரில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். தீனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். தஞ்சைச் சீமையின் பழைய ஆலிம்களில் ஒருவரிடம், மன்திக்கில் முதலில் ஓதிய கிதாபு எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 'ஈஸாகூஜி' என்பார். அது அரபிச் சொல்லே அன்று. முன்னுரை என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அரஸ்தூவின் தர்க்க நூல்களைப் படிக்கப் புகுவோருக்காக 3ஆம் நூற்றாண்டில் ஃபர்ஃபூரியூஸ் எழுதிய நூலின் பெயர். 13ஆம் நூற்றாண்டில் அல் அப்ஹரீ எழுதிய சுருக்க நூலும் அதே பெயரால் வழங்கலாயிற்று. லக்னோ ஃபரங்கி மஹல்லின் முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் மகனார், மன்திக்கில் கரை கண்ட பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்கள், நவாப் வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து ஓதிக்கொடுத்து, 1810இல் அங்கேயே வஃபாத்தானார்கள். ஆகவே கிரேக்கர் நமக்கு அந்நியரல்லர்; நம் பாயில் உட்கார்ந்து நெடுநாளாயிற்று.

அவர்களிடம் நாம் தர்க்கத்தை வாங்கிக்கொண்ட அளவுக்கு ஒரு கேள்வியை வாங்கிக்கொள்ளவில்லை. நன்மை இன்னதென்று அறிந்தவன் தீமை செய்வானா?

செய்யமாட்டான் என்பது சுக்ராத்தின் கட்சி. கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரத்தார் தீர்ப்பளிக்க, நஞ்சருந்தி இறந்தவர் அவர். மனிதன் வேண்டுமென்றே தவறுவதில்லை, அறியாமையால்தான் தவறுகிறான் என்றார். நாமும் நம்மை அறியாமலே சுக்ராத்தின் மாணவர்களாக இருக்கிறோம். ஊரில் ஒரு தீமை பெருகினால் உடனே ஒரு பயான் ஏற்பாடு செய்கிறோம். அது அடங்காவிட்டால் இன்னொரு பயான்!

உஷ்ரை எடுத்துக்கொள்வோம். மழையாலும் ஆற்றாலும் பாய்ந்த விளைச்சலில் 10இல் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சியதில் 20இல் ஒரு பங்கு. இரண்டு நீரும் பாய்ந்தால், பயிர்க்காலத்தின் பெரும்பகுதியில் பாய்ந்தது எது என்று பார்ப்பது ஹனஃபி மத்ஹபின் கணக்கு. சம்பா முழுவதும் வாய்க்கால் தண்ணீரில் விளைகிறது. இடையில் முறை தப்பியபோது மூன்று இரவு பம்புசெட் ஓடுகிறது. அறுவடையானதும் 'நான் இறைத்தல்லவா பாய்ச்சினேன்' என்று 100 மூட்டைக்கு 5 மூட்டையோடு ஒருவர் நிறுத்திக்கொள்கிறார். அவர் சட்டம் தெரியாதவரா? சட்டம் தெரிந்ததனால்தானே அந்த மூன்று இரவு நினைவுக்கு வந்தது! ஒன்றும் தெரியாத பக்கத்து வயல்காரர் 10 மூட்டையை அளந்து கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

சுக்ராத் இதற்கும் பதில் வைத்திருப்பார். அவருக்குத் தெரிந்தது சட்டம், நன்மையன்று. அதே பம்புசெட்டில் மின்சாரம் ஓடும் கம்பியை அவர் தொடுவாரா என்பார். பதில் கெட்டித்தனமானதுதான். யகீன் என்று நாம் சொல்வதற்கு வெகு அருகில் வருகிறது. ஆனால் அத்தகைய யகீன் வரும்வரை அந்த 5 மூட்டைக்கு உரிய ஏழை என்ன செய்வான்?

அரஸ்தூ (கி.மு. 384–322) இங்கேதான் தம் ஆசான் அஃப்லாத்தூனின் ஆசானோடு மாறுபடுகிறார். குடிபோதையில் இருப்பவன்கூட ஒரு ஞானியின் கவிதையைத் தடுமாறாமல் ஒப்பிப்பான், சொல் நாவில் இருப்பதால் அறிவு உள்ளே இருக்கிறது என்றாகாது என்கிறார். மனனம் செய்வதையே பெருமையாகக் கொண்ட நாம் இதைச் சற்று நின்று கேட்க வேண்டும். பயன்தராத கல்வியை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடக் கற்றுத்தந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தல்லவா நாம்? வீடு கட்டிக்கட்டிக் கொத்தனாராவது போல நீதி செய்துசெய்துதான் நீதிமானாக வேண்டும் என்பது அரஸ்தூவின் முடிவு.

தத்துவவாதிகளைத் 'தஹாஃபுத்'தில் இருபது பிரச்சினைகளில் மறுத்த இமாம் கஸ்ஸாலி (ரஹ், 1058–1111) அவர்கள், அதற்காக அவர்களிடமிருந்த உண்மையைத் தள்ளிவிடவில்லை. 'இஹ்யா'வில் நற்குணத்துக்கு அவர்கள் சொல்லும் நான்கு வேர்களான ஹிக்மத், ஷஜாஅத், இஃப்பத், அத்ல் என்பவை அஃப்லாத்தூன் வகுத்த நான்கேதான். அழகாக எழுத விரும்புகிறவன் நல்ல எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக் கை பழக்குவது போல, கஞ்சனும் மனம் ஒப்பாமலே கொடுத்துக் கொடுத்துத்தான் கொடையாளியாவான் என்று அதே பாடத்தில் விளக்குகிறார்கள். ஆனால் அரஸ்தூவின் நல்வாழ்வு பெரும்பாலும் இந்த உலகோடு நிற்கிறது. சிலரை இயற்கையே அடிமைகளாக்கியது என்றும் அவர் வாதாடினார். பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்ல ஏற்றிய தீன் அந்த இடத்தில் அவரை விட்டுப் பிரிந்துதான் ஆக வேண்டும்.

கை பழகுவது என்றால் பழக ஓர் இடம் வேண்டும். முன்பு களம் இருந்தது. நெல் குவிந்து கிடக்கும். மரக்கால் கையில் இருக்கும். கேட்பவர் எதிரே நிற்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாதியாக அளக்கக் கை கூசும். இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துவிடுகிறது. அது கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது, பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. இடையில் நம் கை எங்கும் படுவதில்லை. உஷ்ர் ஒரு கணக்காக மட்டும் மிஞ்சிவிட்டது. கணக்கில் மூன்று இரவுக்கு எப்போதும் இடம் கிடைக்கும்.

சில வீடுகளில் ஒரு வழக்கம் இன்னும் இருக்கிறது. நெல் லாரி ஏறுமுன் உஷ்ருக்குரிய மூட்டைகளை வயலிலேயே இறக்கி, வீட்டுப் பிள்ளையைவிட்டு எண்ணவைத்துக் கொடுத்தனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு மஸ்அலா இன்னும் தெரியாது.