எழுப்புவார் இல்லாத கல்வி

பிறர் எழுப்ப எழுந்து, பிறர் ஏவப் படித்து, பிறர்க்கு அஞ்சித் தேறிய மாணாக்கனை ஊக்கமுடையோன் என்று கூறலாமா? எழுப்புவாரும் ஏவுவாரும் நீங்கிய நாளில் அவன் யாது செய்கின்றான் என்று கண்ட பின்னரே இவ்வினாவிற்கு விடை கூறுதல் தகும். பள்ளியை விட்டுக் கல்லூரி புகும் முதலாண்டே அந்நாள்.

தலைநகராம் தில்லியில் வாழும் நம் பிள்ளைகளின் நிலையை நோக்குவோம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்தி வருகின்றது. இத்தகைய பள்ளியில் ஆசிரியர் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பார், வீட்டுப்பாடத்தைப் பார்ப்பார், ஒருநாள் வாராதிருப்பின் காரணம் வினவுவார். பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, 2022 முதல் நடைபெறும் பொது நுழைவுத் தேர்வையும் கடந்து, தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரியொன்றில் சேர்ந்ததும் யாவும் மாறிவிடுகின்றன. ஒரு பாடநூல் இருந்த இடத்தில் பல நூல்களின் பட்டியல் தரப்படுகின்றது. 'படித்தாயா?' என்று கேட்பார் இல்லை. பருவமோ ஏறத்தாழ நான்கு திங்களில் முடிந்துவிடும். தேர்வு நெருங்கிய பின் மனப்பாடம் செய்து வென்ற பழைய பழக்கம் ஈண்டு உதவாது.

இவ்விடத்தே ஒரு பெருங்கேடு நேர்கின்றது. தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்ட பிள்ளை, முதற்பருவத்தில் மதிப்பெண் குறைந்தால், 'என் பழக்கம் போதவில்லை' என்று எண்ணுவதில்லை. 'என் அறிவு போதாது' என்று எண்ணிவிடுகின்றது. பிறப்பினால் அறிவில்லை என்று பன்னெடுங்காலம் பிறர் நமக்குச் சொல்லிவந்த பொய்யை, அப்பிள்ளை தன் வாயாலேயே தனக்குச் சொல்லிக்கொள்கின்றது. சிலர் படிப்பையே கைவிடுகின்றனர். பழக்கத்தின் குறையை அறிவின் குறையாகக் கொள்வது தனக்குத் தானே இழைக்கும் அநீதியாகும்.

அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் பள்ளி மாணவராயிருந்த காலத்தில், பரேல் பகுதியில் ஓர் அறையே அவர்தம் இல்லம். தந்தையார் இராம்ஜி இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்கச் செய்வார் என்று வரலாறு கூறுகின்றது. அத்தந்தையார் 1913இல் காலமானார். அவ்வாண்டே அண்ணல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவரை எழுப்புவார் எவருமிலர். எனினும் 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். உதவித்தொகைக் காலம் முடிந்து 1917இல் இலண்டன் படிப்பு இடையில் நின்றபோதும், 1920இல் மீண்டும் சென்று, 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். தந்தையார் வெளியே நின்று எழுப்பிய குரல் மகனுக்கு உள்ளே நின்று எழுப்பும் குரலாயிற்று என்க. அவர் இறுதி நாட்களில் வாழ்ந்த அலிப்பூர் சாலை இல்லம் இருந்த இடம் தில்லிப் பல்கலைக்கழகத்திற்கு அணித்தேயுள்ளது. இன்று அங்கே நினைவகம் நிற்கின்றது. நம் மாணாக்கர் ஒருமுறையேனும் சென்று காணல் வேண்டும்.

அக்குரலை வளர்க்கும் வழிகள் எளியவை. அன்று கேட்ட விரிவுரையை அன்று மாலையே தம் சொற்களில் எழுதுக. மறுநாட் பாடத்தை முன்னரே ஒருமுறை வாசிக்க. வகுப்புகளுக்கிடையே கிடைக்கும் ஓய்வு நேரத்தை நூலகத்தில் கழிக்க. வாரம் ஒருநாள் எல்லாப் பாடங்களையும் திரும்ப நோக்குக. விளங்காததை ஆசிரியரிடம் கூசாது வினவுக. ஐயம் கேட்டல் இரத்தல் ஆகாது. பெற்றோரும் மாலை வேளையில் இரண்டு மணி நேரத்தைப் பிள்ளைக்கென ஒதுக்கித் தருக. வீட்டு வேலையை மகள் தலையில் மட்டும் சுமத்துதல் அறமன்று.

புத்தபிரான் தம் இறுதி வேளையிலும் மாணாக்கர்க்கு வற்புறுத்தியது அயராத விழிப்பு. தமக்குப்பின் காவலன் ஒருவனை அவர் அமர்த்திச் சென்றாரல்லர். காவலின்றி நிற்கும் ஊக்கமே ஊக்கம். அதனைக் கற்பதே கல்லூரியின் முதற்பாடம்.