படிவத்தின் தர்மம்

உண்மையை எழுதுவதற்கு இடமளிக்காத ஒரு படிவத்தின் முன் அமர்ந்த மனிதன், வேறு வழி காணாமல் அதில் ஓர் அசத்தியத்தை எழுதிக் கொடுத்தால், அந்த அசத்தியத்தின் பாரம் எழுதியவனைச் சேருமா, அல்லது எழுதவேண்டிய கட்டத்தை வரைந்து வைத்தவனைச் சேருமா என்னும் வினா, நாளாந்த வாழ்வில் நாம் எளிதாகக் கடந்து போகின்ற ஒன்றாயினும், தர்ம விசாரத்தில் அதற்கு உரிய ஸ்தானம் உண்டு என்பது என் துணிபு. முற்காலத்தில் சாட்சியம் கூறியவன் வாயால் கூறினான். கேட்டவன் எதிரே இருந்தான். "ஆம், ஆனால்" என்று ஆரம்பித்து ஒரு விளக்கத்தைச் சேர்த்துக்கொள்ள அவனுக்கு அவகாசம் இருந்தது. கைத்தொலைபேசியின் திரையில் விரியும் இணையப் படிவத்திலோ கேட்பவன் இல்லை. அவன் முன்னரே தீர்மானித்துச் சென்ற கட்டங்கள் மாத்திரமே இருக்கின்றன.

கற்பிட்டியில் வாழ்வோருக்கு இவ்வினா புதிதன்று. புத்தளக் களப்பின் முகத்தைக் காவல் செய்வதற்காக ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை இன்றும் அங்கே நிற்கின்றது. ஆயினும் அக்கோட்டையின் கற்சுவர்களைக் காட்டிலும் ஜனங்களின் வாழ்வுக்குள் ஆழமாகப் புகுந்தது ஒல்லாந்தருடைய தோம்பு என்னும் பதிவேடு. அவர்களுடைய ஆட்சிக்குட்பட்ட இலங்கைப் பகுதிகளில் காணிக்கு ஒரு தோம்பும், பாடசாலையைச் சார்ந்து ஆட்களுக்கு ஒரு தோம்பும் பேணப்பட்டன. ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பில் பதியப்பட்டு, முதுசொத்துக்கு உரிமை கோருவோன் காட்டவேண்டிய சான்றாக அப்பதிவு விளங்கியமையால், தகப்பன் விட்டுச் சென்ற தென்னந்தோட்டத்தை இழக்க விரும்பாத சைவனும் பௌத்தனும் கத்தோலிக்கனும் ஒல்லாந்தரின் சீர்திருத்தக் கிறிஸ்தவச் சபையின் முன் தலைகுனிந்து பெயரைப் பதிவு செய்துகொண்டு, வீடு திரும்பியதும் தத்தம் வழிபாட்டையே தொடர்ந்தார்கள். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்றதும், ஏடுகளில் பெருந்தொகையினராய்த் தோன்றிய அந்தக் கிறிஸ்தவர்களில் மிகப் பலர் சில தசாப்தங்களுக்குள் மறைந்தே போயினர். அவர்களைப் பொய்யர் என்று சொல்ல என் நா எழவில்லை.

இன்றைய தோம்பு இணையத்தில் இருக்கின்றது. அதனை ஆக்குவதற்கு இரு மொழிகள் கூடிப் பணி செய்கின்றன: எந்த வினா, எந்த வரிசையில், எந்தப் பெயர்ச்சீட்டுடன் என்பதை எச்.டீ.எம்.எல். வகுக்கிறது, கட்டத்தின் அகலம், இடைவெளி, வர்ணம், எழுத்தின் பருமன் என்று கண்ணுக்குப் புலனாகும் தோற்றத்தைச் சீ.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள் மொழி வகுக்கிறது. நோர்வேயைச் சேர்ந்த ஹோகுன் வியூம் லீ 1994 ஒக்டோபரில் முன்வைத்து, பேர்ட் பொஸ் என்னும் ஒல்லாந்துக்காரரும் அவருமாகச் செப்பனிட்டு, 1996 டிசம்பரில் நியமமாக வெளிவந்த இந்த நடைத்தாள் ஏற்பாட்டின் அடிப்படைத் தத்துவம், பொருளையும் தோற்றத்தையும் வேறு வேறாகப் பிரித்து வைப்பதாகும். நாமரூபங்களைக் களைந்தாலும் வஸ்து நிலைத்திருக்கும் என்ற வேதாந்த வாதத்தில் பழகியவர்களுக்கு இப்பிரிவினை மிக நெருக்கமாகத் தோன்றும். அந்த நெருக்கத்திலிருந்தே ஒரு தவறான முடிவும் பிறக்கிறது. அதாவது, தோற்றத்தை அமைப்பவன் அலங்காரம் செய்பவனேயன்றி, மெய் பொய்யோடு அவனுக்குச் சம்பந்தம் இல்லை என்பது.

இம்முடிவை நான் ஏற்கவில்லை. செயலின் மதிப்பு நிய்யத் என்னும் உள்நோக்கத்தைப் பொறுத்தது என்று போதிக்கும் இஸ்லாமிய மார்க்கமே, தொழுகைக்கு நிற்போர் ஸஃப்புகள் என்னும் வரிசைகளை நேராக்கிக்கொள்வதையும் தொழுகையின் நிறைவைச் சேர்ந்த காரியமாகக் கொள்கிறது. தோளோடு தோள் நேராக நிற்பது உள்ளத்தின் பக்திக்குப் பதிலாகாது என்பது கற்பிட்டிப் பள்ளிவாசல்களில் சிறுவர்க்கும் தெரியும். ஆயினும் வரிசை கோணி நின்றால் இமாம் காத்திருக்கிறார். தலவில் அன்னம்மாள் திருத்தலத்துக்கு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் யாத்திரை வரும் கத்தோலிக்கரும், அகத்துக்குரிய அருள் புறத்தே புலனாகும் அடையாளத்தின் வழியாகவே வருகின்றது என்று அருட்சாதனங்களைப் பற்றி விசுவசிக்கிறார்கள். புறவொழுங்கு தன்னளவில் புண்ணியமாகாவிடினும், அகத்தின் மெய் வெளிவருவதற்குரிய வழியை அது திறக்கவும் அடைக்கவும் வல்லது என்பதே நான் இங்கு கொள்ள விரும்பும் கருத்து.

சீ.எஸ்.எஸ். மொழியிலே ஓர் ஏற்பாடு உண்டு. தகாத விடை எழுதப்பட்ட கட்டத்தைத் தனியே தெரிந்தெடுத்து, அதற்கு வேறு தோற்றம் கொடுக்க உதவும் 'இன்வாலிட்' என்ற குறி அது. கட்டாயமாக நிரப்பவேண்டிய கட்டம் வெறுமையாயிருக்கும் வரை தகாததாகவே கணிக்கப்படுவதால், இக்குறிக்குச் செந்நிற விளிம்பை விதித்த படிவம், திறந்த கணத்திலேயே, விண்ணப்பதாரி ஓர் எழுத்தையும் தொடுமுன்னரே, பக்கம் முழுவதும் சிவந்து அவரைக் குற்றவாளியாக்கி நிற்கும். பிரதேச செயலகத்துக்குப் போகவும் கிராம அலுவலரைக் காணவும் பயந்து பழகிய ஒரு மூதாட்டி, பேரனின் தொலைபேசியில் அச்சிவப்பைக் கண்டதும் தாம் ஏதோ பிழை செய்துவிட்டதாகவே எண்ணுவார். செய்யாத செயலுக்குத் தீர்ப்பு வழங்குவதை எந்தச் சமயமும் நீதி என்று கூறவில்லை. கன்மத்தின் பின் பலன் என்பார் ஒருவர், செயல்களின் பின்னரே விசாரணை என்பார் மற்றொருவர். விண்ணப்பதாரி கட்டத்தைத் தொட்டுச் சென்ற பின்னரே குறை கூறும் 'யூசர்-இன்வாலிட்' என்ற வேறொரு குறி, 2023ஆம் ஆண்டின் இறுதியளவில் பிரதான உலாவிகள் அனைத்திலும் இடம்பெற்றுவிட்டது. இரண்டுக்கும் எழுத்தளவில் வேறுபாடு ஒரு சொல். மனிதனை நடத்தும் முறையிலோ வேறுபாடு மிகப் பெரிது.

இதனினும் நுட்பமான அநீதி வரிசையில் நிகழ்கின்றது. மூலத்தில் ஒரு வரிசையில் எழுதப்பட்ட வினாக்களை, 'ஓடர்' என்ற விதியினால் திரையில் வேறொரு வரிசையில் காட்ட முடியும். கண்ணால் பார்ப்பவர் புதிய வரிசையைக் காண்பார். திரைவாசிப்பான் துணையோடு செவியால் படிக்கும் பார்வையற்றவர் பழைய வரிசையையே கேட்பார். ஒரே படிவம் இருவரிடம் இரு வேறு விதமாகப் பேசுகின்றது. அகமும் புறமும் முரண்பட்ட நிலையை மனிதரிடத்தில் காணும்போது நாம் கடிந்துகொள்கிறோம். ஒரு பக்கத்தின் அமைப்பில் அதைக் காணும்போது திறமை என்று பாராட்டுகிறோம்.

பெயருக்கு வருவோம். போர்த்துக்கேயர் காலம் தொட்டுப் பெர்னாந்து என்ற குடும்பப் பெயரைத் தாங்கிவரும் கத்தோலிக்க மீனவரும், தந்தையின் பெயரை முன்னே வைத்துத் தம் பெயரைப் பின்னே எழுதும் சைவரும், மூன்று நான்கு முதலெழுத்துகளோடு அறியப்படும் முஸ்லிம் வியாபாரியும் கற்பிட்டியில் ஒரே வீதியில் வாழ்கிறார்கள். இம்மூவர் முன்னும் 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்ற இரு குறுகிய கட்டங்களை அருகருகே வைத்து, இரண்டும் கட்டாயம் என்று செந்நட்சத்திரமிட்டால், பின்னைய இருவரும் தகப்பனின் பெயரைத் தம் குடும்பப் பெயராக்கியோ, ஒரு புள்ளியை இட்டோ தப்பிக்கிறார்கள். கட்டம் கொள்ளும் எழுத்துக்கு உச்சவரம்பு விதித்தவரோ, கண்ணுக்கு ஐந்தெழுத்தாகத் தெரியும் 'முஹம்மது' என்ற பெயரை, மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே கணக்கிட்டு, இயந்திரம் எட்டாக எண்ணுவதை அறியாதவர். ஆங்கிலத்துக்கென அளந்த அகலத்துக்குள் 'விண்ணப்பதாரரின் முழுப்பெயர்' என்ற பெயர்ச்சீட்டை அடைத்து, மிஞ்சியதை மறைத்துவிடும்படி விதிக்கும் நடைத்தாளையும் கண்டிருக்கிறேன். பெரிய எழுத்தாக மாற்றும் விதியினால் தலைப்பை உயர்த்திக் காட்டிய ஆங்கிலப் படிவம், தமிழிலும் சிங்களத்திலும் அந்த வேறுபாட்டை முற்றாக இழந்து, தலைப்பு எது வினா எது என்று தெரியாமல் நிற்கும். அரசகரும மொழிகள் இரண்டும் ஏட்டில் சமமாயிருந்தும் திரையில் சமமாக வாழவில்லை.

இனி முகவரிக்கு வருவோம். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில், மன்னார்த் தீவிலிருந்து படகேறியோர் பலர் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே மணமுடித்து, இங்கேயே பிள்ளை பெற்றுவிட்டார்கள். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் உறுதிக்காணியும் கற்பிட்டியில் முப்பதாண்டு வாழ்க்கையும் உடைய ஒரு முதியவரிடம் 'நிரந்தர முகவரி' என்று ஒற்றை வரிக் கட்டமொன்று கேட்கும்போது, அவர் எதை எழுதினாலும் பாதி மெய். எழுதாமல் விட்ட பாதியோ அவருடைய உரிமை. அக்கட்டம் இரண்டு விடைகளை ஏற்கவும், எழுத எழுத விரியவும், எதற்காகக் கேட்கப்படுகிறது என்ற ஒரு வரி விளக்கம் வாசிக்கக்கூடிய கருமையில் அதன் மேலேயே நிற்கவும் செய்தால், அவர் கூச்சமின்றி முழுவதையும் எழுதிவிடுவார்.

வினாவைத் தீர்மானிப்பவர் அதிகாரியாயிருக்க, அகலத்தையும் வர்ணத்தையும் மட்டும் தீர்மானிப்பவன் மீது இவ்வளவு பொறுப்பைச் சுமத்தலாமா என்று கேட்கப்படும். நியாயமான கேள்வியே. ஒரு தீவினைக்குச் செய்தவன், செய்வித்தவன், உடன்பட்டவன் ஆகிய மூவரையும் பங்காளிகளாக்கும் முறை யோக சூத்திரத்திலும் சமண சமயத்திலும் இருக்கிறது. அம்முறைப்படி நோக்கினால், எழுதிய முதியவர் செய்தவர். வினா வகுத்த அதிகாரி செய்வித்தவர். கட்டத்தின் குறுக்கத்தைக் கண்டும் ஒன்றும் கூறாமல் அழகுபடுத்திக் கொடுத்தவன் உடன்பட்டவன். முதியவருடைய பங்கு மூன்றிலும் சிறிது என்பேன், ஏனெனில் அவரிடம் மாத்திரமே வேறு வழி இருக்கவில்லை.

உடன்பட்டவனுக்கு இருக்கும் வழியோ மிக எளிது. பெயருக்கு ஒரே கட்டத்தை முழு அகலத்தில் வைக்கலாம். பெயர்ச்சீட்டைப் பக்கத்தில் நெருக்காமல் கட்டத்துக்கு மேலே ஏற்றலாம். அகலத்தைப் புள்ளிக்கணக்கில் ஆணியடிக்காமல் எழுத்தின் பருமனோடு வளரவிடலாம். பிழையை வர்ணத்தால் மாத்திரமன்றிச் சொல்லாலும் உணர்த்தலாம். நடைத்தாள் ஒன்றே ஒரு திணைக்களத்தின் எல்லாப் பக்கங்களையும் ஆள வல்லதால், அதில் ஒரு பிற்பகலில் செய்யும் திருத்தம் அடுத்த நாட்காலை கற்பிட்டியிலும் மன்னாரிலும் ஒருங்கே நடைமுறைக்கு வந்துவிடும். அமைச்சரவையின் அனுமதியோ புதிய சட்டமோ அதற்கு வேண்டியதில்லை.