இறக்கிய சுமை யார் தோளில் ஏறுகிறது?

பயணத்துக்குக் குறைவாக எடுத்துச் செல்வது இன்று ஒரு வசதியாகவும், ஓரளவுக்கு ஒரு பெருமையாகவும் கருதப்படுகிறது. உள்நாட்டு விமானங்களில் கையோடு கொண்டுபோகப் பொதுவாக அனுமதிக்கப்படும் 7 கிலோவுக்குள் ஒரு வாரத் தேவையை அடக்கிவிடுபவர் இறங்கிய இடத்தில் பெட்டிக்காகக் காத்து நிற்பதில்லை. அது தொலைந்துபோகுமோ என்ற கவலையும் அவருக்கு இல்லை. இப்பழக்கத்தைப் போற்றுவோர் அதைப் பற்றின்மையோடு சேர்த்துப் பேசுகிறார்கள். பொருள் குறையக் குறைய மனம் விடுதலை பெறுகிறது என்பது அவர்கள் கூற்று. அந்தக் கூற்று எந்த அளவுக்கு உண்மை என்பது சமயத் தத்துவத்துக்கு உரிய கேள்வி. அதை ஆராயச் சேலம், நாமக்கல் சமவெளி மிகப் பொருத்தமான இடம். ஏனெனில் தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத ஒருவரைப் போற்றும் குன்றும், தோளில் சுமை ஏற்றி நடப்பதையே வழிபாடாகக் கொண்ட ஊரும் இந்த ஒரே நிலப்பரப்பில் இருக்கின்றன.

நாமக்கல்லை அடுத்துக் கொல்லிமலை அடிவாரத்தில் உள்ளது சேந்தமங்கலம். அதன் அருகே உள்ள சிறு குன்றுக்குச் சந்நியாசிக் கரடு என்று பெயர். பாறையும் முட்புதரும் மண்டிய தாழ்ந்த குன்றைக் கரடு என்று சொல்வது இப்பகுதி வழக்கு. அங்கே தத்தாத்ரேயருக்குக் கோயில் எழக் காரணமாக இருந்தவர் சுவயம்பிரகாச பிரம்மேந்திர அவதூத சுவாமிகள். 1948இல் சித்தியடைந்த அவருடைய சமாதியும் அந்த இடத்திலேயே அமைந்தது. அவதூதர் என்பவர் துறவியின் நிலையையும் தாண்டியவர்: துறவிக்குக் காவி உண்டு, தண்டம் உண்டு, கமண்டலம் உண்டு, அவற்றைக் காக்கும் விதிகளும் உண்டு, அவதூதர் அந்த அடையாளங்களையும் விட்டுவிட்டதால் அவரிடம் இனி விடுவதற்கு எதுவும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் காவிரிக் கரையில் ஆடையின்றித் திரிந்து, கரூரை அடுத்த நெரூரில் சமாதி கொண்ட சதாசிவ பிரம்மேந்திரர் இந்த நிலைக்குத் தமிழகம் நன்கறிந்த எடுத்துக்காட்டு.

அவதூத மரபின் நூலாதாரங்களுள் முதன்மையானது பாகவத புராணத்தின் 11ஆம் கந்தம். யது என்னும் அரசன், கவலையின்றித் திரியும் ஓர் இளம் துறவியைக் கண்டு அந்த மகிழ்ச்சிக்குக் காரணம் கேட்க, அவர் இயற்கையிலும் மனிதரிலுமாகத் தமக்கு வாய்த்த 24 ஆசிரியர்களை வரிசையாகச் சொல்கிறார். அந்தத் துறவியைத் தத்தாத்ரேயர் என்றே மரபு கொள்கிறது. சுமை பற்றிய பாடம் இந்த வரிசையில் பல இடங்களில் வருகிறது. இறைச்சித் துண்டைக் கவ்விப் பறந்த பறவையை, இரை கிடைக்காத வலிய பறவைகள் துரத்திக் கொத்த, அது துண்டைக் கீழே போட்ட கணத்தில் துன்பம் நீங்குகிறது. நெல் குத்தும் இளம்பெண்ணின் வளைகள் ஒன்றோடொன்று மோதி ஒலிக்க, அவள் ஒவ்வொன்றாக உடைத்துக் கைக்கு ஒன்றாக விட்டபின் ஒலி அடங்குகிறது. தேனீயிடமிருந்து துறவி கற்பது இரண்டு: பல பூக்களில் சிறிது சிறிதாக எடுப்பது போலப் பல வீடுகளில் சிறிதளவே பெற வேண்டும், ஆனால் தேனீயைப்போல நாளைக்கென்று சேர்த்து வைத்தால், சேர்த்ததோடு சேர்ந்து தானும் அழிய நேரும்.

கைப்பைப் பயணத்தின் ஆதரவாளர் இதுவரை சொன்னதைக் கேட்டுத் தலையசைக்கலாம். ஆனால் அதே வரிசையில் அவருக்குச் சங்கடம் தரும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பாம்பு தனக்கென்று வீடு கட்டுவதில்லை, பிறர் கட்டிய புற்றில் சுகமாக வாழ்கிறது என்று பாகவதம் சொல்லும்போது, புற்றைக் கட்டிய கறையானின் உழைப்பும் கூடவே நினைவுக்கு வருகிறது. தேன் எடுப்பவன் தேனீக்குமுன் தேனைத் துய்ப்பதுபோல, இல்லறத்தார் பாடுபட்டுச் சேர்த்ததைத் துறவி அவர்களுக்கு முன்பே உண்கிறார் என்று அந்நூல் மறைக்காமல் சொல்கிறது. துறவியின் வெறுங்கை யாரோ ஒருவருடைய நிறைந்த சோற்றுப் பானையை நம்பி இருக்கிறது. அதை ஒப்புக்கொள்வதில்தான் அந்த மரபின் நேர்மை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 24 பேரில் முதல் ஆசிரியர் பூமி. எல்லாரும் மிதித்தும் தோண்டியும் துன்புறுத்த, எதையும் கீழே போடாமல் தாங்கும் பூமியைத் தலையாசிரியராக வைத்த பிறகே, சுமையைக் கீழே போட்ட பறவைக்கு அவதூதர் வருகிறார். இந்த வரிசை முறை தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆயினும் படிப்பவர் அதைப் புறக்கணிக்க முடியாது.

பிறருடைய இசைவின்றி வெறுங்கைப் பயணம் நடவாது என்பதற்கு இதே சேந்தமங்கலத்தோடு தொடர்புள்ள ஒரு வரலாறும் உண்டு. தத்துவ போதகர் என்று தமிழில் அறியப்பட்ட இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்துச் சந்நியாசிக் கோலம் பூண்டு, 1623இல் மதுரையிலிருந்து வடக்கு நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டு, இராமச்சந்திர நாயக்கரின் ஆட்சியிலிருந்த சேந்தமங்கலத்துக்கும் அங்கிருந்து சேலத்துக்கும் வந்தார். சேலத்தில் தங்க இடம் கொடுப்பார் இல்லாமல் திறந்த மண்டபத்தில் கிடக்க நேர்ந்தது. அவர் படித்த லூக்கா நற்செய்தியிலேயே இதற்கான இரு கட்டளைகளும் உள்ளன: 10ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களைப் பணப்பையும் சாமான் பையும் செருப்பும் இல்லாமல் ஊர் ஊராக அனுப்புகிறார், 22ஆம் அதிகாரத்தில், தாம் கைது செய்யப்படவிருக்கும் இரவில், பை உள்ளவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்கிறார். விருந்தோம்பும் வீடுகள் உள்ளவரை வெறுங்கை நம்பிக்கையின் அடையாளம். கதவுகள் அடைபடும் காலத்தில் பையும் தேவைப்படும். ஒரே ஆசிரியரின் இந்த இரு கட்டளைகளையும் முரண்பாடாகக் கொள்ள வேண்டியதில்லை. பயணி எடுத்துச் செல்லும் அளவைப் பயணி மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதையே அவை காட்டுகின்றன.

பௌத்தம் இதைச் சட்டமாகவே எழுதிவைத்தது. ஆறகளூரை அடுத்த தியாகனூரில் இன்றும் காணப்படும் புத்தர் சிலைகள் ஒரு காலத்தில் அந்த நெறி இச்சமவெளியிலும் நடமாடியதைச் சொல்கின்றன. பிக்குவுக்கு உரியவை எட்டு: மூன்று துவராடைகள், ஓர் உணவுப் பாத்திரம், இடைக்கச்சை, சவரக் கத்தி, ஊசி, நீர் வடிகட்டும் துணி. மிகையாகக் கிடைத்த பாத்திரத்தை 10 நாளுக்கு மேலும், நோய்க்கு மருந்தாகும் நெய், தேன், வெல்லம் போன்றவற்றை 7 நாளுக்கு மேலும் வைத்திருப்பது குற்றம். பிக்கு சேமித்துவிட்டால் நாளை பிச்சைக்குப் போகமாட்டார். போகாவிட்டால் ஊராரோடு அவருக்குள்ள உறவு அறுந்துவிடும் என்ற நோக்கில் பார்த்தால், இந்த விதிகள் பையின் எடையை விடவும் மனிதருக்கிடையே உள்ள தொடர்பைக் காப்பதற்கே இயற்றப்பட்டவை என்று படுகிறது.

சமணம் இன்னும் உள்ளே புகுந்து பார்த்தது. திகம்பரத் துறவி மயிற்பீலியும் நீர்க் கமண்டலமும் சமய நூலும் தவிர வேறொன்றும் ஏந்துவதில்லை. எனினும் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், பரிக்கிரகம் எனப்படும் உடைமைக்கு இலக்கணம் கூறும்போது பொருளைக் குறிப்பிடவில்லை, மூர்ச்சையைக் குறிப்பிடுகிறது. மூர்ச்சை என்பது ஒன்றை எனது என்று பற்றும் மயக்கம். சமண மரபில் உடைமை புறத்தில் 10 வகையாகவும் அகத்தில் 14 வகையாகவும் பிரிக்கப்படுகிறது. நிலம், வீடு, பொன், தானியம், துணி, பாத்திரம் முதலியவை புறத்தவை. சினம், வஞ்சனை, உலோபம், அச்சம் முதலியவை அகத்தவை. அந்த அகப் பட்டியலில் செருக்கும் ஒன்று. குறைவாக எடுத்துச் செல்கிறேன் என்ற பெருமையோடு பயணம் செய்பவர், சமணக் கணக்கில், எடையுள்ள ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டுதான் போகிறார்.

இன்றைய கைப்பைப் பயணி பிச்சைக்குப் போவதில்லை. மறந்த சட்டையை இறங்கிய ஊரில் வாங்கிக்கொள்கிறார், போர்வையை விடுதி தருகிறது, துணியை யாரோ துவைத்துத் தருகிறார்கள். ஆகவே அவருடைய பை இலேசாக இருப்பதற்குக் காரணம் அவருக்குத் தேவைகள் குறைந்தது அன்று. தேவைகளை எங்கும் பணத்தால் அழைத்துக்கொள்ள முடிவதே காரணம். அவதூதர் தமக்குத் தேவையானது கிடைக்காவிட்டால் அது இல்லாமல் இருந்துவிடுகிறார். மலைப்பாம்பைப்போல, வந்ததை உண்டு வராத நாளில் அசையாமல் கிடப்பதும் அந்த 24 பாடங்களில் ஒன்று. இந்த இருவரையும் ஒரே வகையில் சேர்ப்பது தவறு. வாங்கும் ஆற்றலால் வரும் இலேசு நல்ல வசதிதான், அதைப் பழிக்கத் தேவையில்லை. ஆனால் அதற்குத் துறவின் பெயரைச் சூட்டும்போது, துணி துவைப்பவரும் விடுதி அறையைப் பெருக்குபவரும் தூக்கும் பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

தவறு மறுபக்கமும் நிகழலாம். நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்பெற்றது. இங்கிருந்து வடமாநிலங்களுக்குப் போகும் ஓட்டுநர் பல டன் சரக்கை ஏற்றிச் செல்கிறார். அவருக்கென்று உள்ளது மாற்றுக் கைலியும் துண்டும் அடங்கிய ஒரு பை, சாலையோரத்தில் சமைத்துக்கொள்ள ஓர் அடுப்பு, சில பாத்திரங்கள். வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் அவருடைய சிறிய பையைக் கண்டு, இவரன்றோ பற்றற்றவர் என்று வியப்பது அறம் ஆகாது. தானே தேர்ந்துகொள்ளாத குறைவு வறுமையின் பாற்பட்டது, நோன்பின் பாற்பட்டதன்று. அவர் உண்மையில் கற்பிப்பது வேறொன்று: தனதல்லாத சுமையைத் தனதென்று நினைக்காமலும், தனதல்ல என்பதால் சிதறவிடாமலும் உரிய இடத்தில் சேர்ப்பது. கீதை பேசும் கருமயோகத்துக்கு, அதாவது பலனைத் தனதாக்காமல் செய்யும் செயலுக்கு, இதைவிட அருகில் உள்ள உவமை இச்சமவெளியில் கிடைப்பது கடினம்.

சுமப்பதே வழிபாடாகும் நெறிக்கு எடப்பாடி சான்று. அவ்வூரைச் சேர்ந்த பருவதராஜகுலத்தார் ஆண்டுதோறும் தைப்பூசம் முடிந்தபின் காவடியுடன் பழநிக்குக் கால்நடையாகச் செல்லும் வழக்கம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று மரபு கூறுகிறது. காவிரியைக் கடந்து பல நாள் நடக்கும் இந்தப் பயணத்தில் அவர்கள் எதையும் குறைப்பதில்லை: வாழைப்பழம், வெல்லம், பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலம் என்று எல்லாமே மலைக்குப் போய்ச் சேர, டன் கணக்கில் பஞ்சாமிர்தம் அங்கேயே பிசையப்படுகிறது. மலைக்கோயிலில் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே உண்டு. பிசைந்த பஞ்சாமிர்தம் வந்தவர்களுக்கெல்லாம் பகிர்ந்தளிக்கப்படுகிறது. வழியில் யாரிடமும் கேட்கத் தேவையில்லாதபடி எடுத்துச் செல்லும் இந்தப் பெருங்கூட்டத்தை, பாத்திரம்கூட இல்லாத அவதூதருக்கு எதிர்முனை என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் காவடியின் தோற்றக் கதை அவ்வாறு சொல்ல விடுவதில்லை. அகத்தியரின் ஏவலால் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தண்டின் இருபுறமும் கட்டித் தெற்கே தூக்கி வந்த இடும்பன், களைத்துப்போய்ப் பழநியின் ஆவினன்குடியில் அவற்றை இறக்கி வைக்கிறான். மறுபடி தூக்க முயலும்போது ஒன்று அசைய மறுக்கிறது. அதன்மேல் சிறுவன் வடிவில் முருகன் நிற்கிறான். இடும்பன் தன் மலை என்று உரிமை கொண்டாடிச் சண்டையிட்டு மாண்டு, முருகன் அருளால் உயிர்பெற்று, அம்மலையின் காவலனாகிறான். அவன் மலைகளைச் சுமந்துவந்ததற்காகக் கதை அவனைத் தண்டிக்கவில்லை, இறக்கி வைத்ததற்காகவும் தண்டிக்கவில்லை. எனது என்று சொன்ன இடத்தில்தான் அவன் விழுகிறான். உமாசுவாதி மூர்ச்சை என்று பெயரிட்டதை இந்தக் கதை உருவத்தில் காட்டுகிறது. அவன் இறக்கிய சுமையே கடவுளுக்கு இருக்கையாகவும் ஆனது. எடப்பாடியார் இவ்வளவையும் தூக்கிச் சென்று பகிர்ந்துவிட்டுத் திரும்புவது, பொருளை விடுவதற்கு அதைச் சேர்த்து, சுமந்து, கொடுப்பதும் ஒரு வழி என்பதை ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறது. இன்னும் சொல்லப்போனால், தூக்குபவருடைய தோளே நோகும் வழி என்பதால், அது மற்ற வழிகளைவிட வெளிப்படையானது.

சந்நியாசிக் கரட்டு அவதூதரின் மாணவரான சாந்தானந்த சுவாமிகள் பின்னாளில் சேலம் உடையாப்பட்டியில் ஸ்கந்தாசிரமத்தை எழுப்பினார். எதையும் வைத்துக்கொள்ளாத குருவின் மாணவர் இவ்வளவு பெரிய திருப்பணியை ஏற்றது குருவின் நெறிக்கு மாறானது என்று கருதுவோர் இருக்கக்கூடும். பாகவதத்தின் வரிசையை முழுமையாக எடுத்துக்கொண்டால் அந்தக் குறை எழாது: குரு, இறைச்சித் துண்டைப் போட்டுவிட்ட பறவையின் பாடத்தை வாழ்ந்தார், மாணவர், பூமியின் பாடத்தை. இரண்டும் ஒரே மரபில், ஒருவரிடமிருந்து நேரே மற்றொருவருக்கு இறங்கி, ஒரே சமவெளியில் நடந்திருக்கின்றன.