காட்டுக்குப் பட்ட கடன்

2025 பிப்ரவரியில் உத்தரகாண்ட் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, அழிந்த காட்டுக்கு ஈடாக மரம் வளர்க்கச் சேர்த்த ‘காம்பா’ நிதியில் ரூ.13.86 கோடி வேறு செலவுகளுக்குப் போனதை வெளிக்கொணர்ந்தது. ஐபோன், மடிக்கணினி, குளிர்பதனப் பெட்டி, கட்டடச் சீரமைப்பு என அந்தப் பட்டியல் நீள்கிறது. இமயத்தின் மடியில் நடந்ததற்கும் கொங்கு நாட்டுக்கும் என்ன உறவு என்று ஒதுங்க முடியாது. நீலகிரியின் கூடலூர்க் காடுகளைக் காக்கக் கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் வழியேதான் இந்த நிதி பிறந்தது. 2016-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. சுரங்கத்துக்கோ சாலைக்கோ வனநிலத்தை எடுப்பவர் கட்டும் ஈட்டுத்தொகை அது. எனவே அது அரசின் வருமானமன்று, காட்டுக்கு அரசு பட்டிருக்கும் கடன். அதை வேறெதற்கு எடுத்தாலும் அறப்பிழையே.

நம் முன்னோர் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பொருளை ஈட்டுவதோடு அரசன் வேலை முடிவதில்லை, காப்பதும் முறையாகப் பகுப்பதும் அவன் திறமே என்று இறைமாட்சியில் வகுத்தார் வள்ளுவர். அரண் அதிகாரத்தில் நீரோடும் மலையோடும் காட்டையும் நாட்டின் காவலாக எண்ணினார். கொங்கு நாட்டுக்கு இது ஏட்டுப் பாடமன்று. கோவையின் குழாயில் வரும் சிறுவாணியும், கீழ்பவானி, காளிங்கராயன் பாசன வயல்களை நனைக்கும் பவானியும் மேற்கு மலைக்காடுகள் தரும் கொடை. முறையறியாமல் வரி வாங்கும் அரசை, வயலில் தானே புகுந்து மேயும் யானைக்கு ஒப்பிட்டார் புறநானூற்றுப் பிசிராந்தையார்: அது தின்பதைவிட மிதித்துக் கெடுப்பதே மிகுதி. காட்டுப் பணத்திலும் கணக்கு அதுதான்: எடுத்ததைவிட இழந்தது மிகுதி. 2021 நவம்பரில் கோவையை அடுத்த நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. பின்னர் மதுக்கரையில் தண்டவாளத்தை நெருங்கும் யானைகளைக் கண்டறிய 2024-இல் அமைத்த செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்புக்கு ஆன செலவு ரூ.7.24 கோடி. உத்தரகாண்டில் வழிமாறிய தொகையில் ஏறத்தாழ இரண்டு மதுக்கரைகளைக் காத்திருக்கலாம்.

மருத்துவமனையும் பள்ளியும் காத்திருக்கையில் மரத்துக்கென்று பணத்தைப் பூட்டி வைப்பதா என்பார்கள். அவையும் கட்டாயத் தேவைகளே. அவற்றுக்குப் பொது வரவு இருக்கிறது. வனத்துறைக்குக் கணினி வேண்டாமா என்றால், வேண்டும். அதையும் அங்கிருந்தே கேட்கட்டும். வெட்டுண்ட காட்டுக்கோ இந்த ஈட்டுப்பணத்தைத் தவிர வேறு தனி வரவு இல்லை. அதையும் எடுத்துக்கொள்வது, வெட்டிய காட்டை மறுபடியும் வெட்டுவதாகும். தொகை சிறிதென்பதும் சமாதானமாகாது. அடைக்கலப் பொருளில் கை வைத்தவனின் குற்றத்தை யாரும் படியால் அளப்பதில்லை. ஆகவே இந்தப் பணத்தில் எத்தனை கன்று நட்டோம் என்பதோடு, எத்தனை பிழைத்தன என்பதையும் ஆண்டுதோறும் அரசு பேரவையில் சொல்ல வேண்டும். கேட்காத குடிக்கு எந்த அரசும் கணக்குக் காட்டாது. சிறுவாணித் தண்ணீரின் சுவையைப் பெருமை பேசும் வாய்க்கு, அது ஊறும் காட்டின் கணக்கைக் கேட்கும் கடமையும் உண்டு.