நாலு கல்லுக்கு நடுவே

முடிச்சூர், மண்ணிவாக்கம், ஆவடி, திருநின்றவூர்... சென்னையைச் சுற்றி எங்கேயாவது ஒரு கிரவுண்டு மனை வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். என்னென்ன பார்ப்பீர்கள்? பட்டா யார் பேரில், வில்லங்கம் உண்டா, தாய்ப்பத்திரம் சரியா, ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம், வாசல் எந்தத் திசை. ஈசானிய மூலையில் போர் போட முடியுமா என்பதைக்கூட விடமாட்டீர்கள்.

ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். இந்த நிலம் எதற்கு?

நிலம் யாருடையது என்பதைச் சொல்வது பட்டா. அது எதற்கு என்பதைச் சொல்வது மாஸ்டர் பிளான். 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் சி.எம்.டி.ஏ. தயாரித்த இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல் அமலுக்கு வந்தது. அதில் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு வகை உண்டு. குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று. வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர். செங்குன்றம் ஏரிக்குத் தண்ணீர் வரும் பகுதி, தெற்கே மழையை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் கடற்கரை மணல் பகுதி, இவற்றுக்கெல்லாம் கூடுதல் கட்டுப்பாடு.

இங்கேதான் நம் ஆளுக்குக் கோபம் வரும். 'என் காசு, என் நிலம். நான் கடை வெச்சா என்ன, கல்யாண மண்டபம் கட்டினா என்ன? கேக்கறதுக்கு அவன் யாரு?'

சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. அமெரிக்காவில் கிளீவ்லாண்டை ஒட்டி யூக்ளிட் என்று ஒரு புறநகர். 1922-ல் அந்த ஊர், இங்கே வீடு, அங்கே கடை, அதற்கப்பால் தொழிற்சாலை என்று கோடு போட்டது. அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் என்ற ரியல் எஸ்டேட் கம்பெனி, 'என் நிலத்தின் மதிப்பே போச்சு' என்று கேஸ் போட்டது. 1926-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஊர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரனைப் பாதிக்கிற விஷயத்தில் ஊருக்கும் ஒரு வார்த்தை உண்டு என்பது அதன் சாரம்.

எனக்கும் அது சரியென்றே படுகிறது. 'என் நிலம்' என்கிறோமே, அதில் எவ்வளவு நம்முடையது? தாம்பரத்தில் ஒரு மனைக்கு ஏன் அந்த விலை? நாம் போட்ட வேலியினாலா? கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. பிறகு ரோடு வந்தது, காலேஜ் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. ஊரே சேர்ந்து ஏற்றிய விலையைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறோம். அதே ஊர், 'வாய்க்காலை மூடாதே, பக்கத்தில் மூணடி விடு' என்றால் மட்டும் 'நீ யார்?' என்று கேட்பது கொஞ்சம் ஒருதலைப்பட்சமாக இல்லை?

ஆனால், விதியைக் கோயில் கட்டிக் கும்பிடவும் என்னால் முடியவில்லை. அந்த யூக்ளிட் தீர்ப்பிலேயே ஒரு முள் இருக்கிறது. தனி வீடுகள் இருக்கும் தெருவில் அடுக்குமாடிக் குடியிருப்பு வருவதை அது ஒட்டுண்ணியோடு ஒப்பிட்டது. அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர் யார்? தனி வீடு வாங்க வசதியில்லாதவர். 'அமைதியான குடியிருப்புப் பகுதி' என்ற அழகான வார்த்தைக்குள் 'நீ இங்கே வராதே' என்பதையும் மடித்து வைக்கலாம். நம் ஊரிலும் வீட்டு வாசலில் இட்லி விற்கும் அம்மாவுக்கு விதி தெரியாது. அவரை விரட்டுகிறவருக்கு நன்றாகத் தெரியும். பெரிய கம்பெனிக்கு விவசாய நிலம் இடைஞ்சலாக இருந்தால், மறுவகைப்பாடு கேட்டு மனுப் போட ஆள் இருக்கிறது. இட்லி அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்?

அரசாங்கமும் உத்தமர் இல்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. அதே சதுப்பில்தான் பல வருஷமாக ஊர்க் குப்பையைக் கொட்டினோம். விதி போட்டவரே மீறினால், குடிமகன் மட்டும் ஏன் யோக்கியனாக இருக்க வேண்டும்?

இப்போது சிக்கலான இடத்துக்கு வருவோம். ஒரே ஊரில் இரண்டு பேர். முதலாமவர் அங்கீகரிக்கப்பட்ட மனை வாங்கினார். பெரிய மனைப்பிரிவு என்றால் 10 சதவிகித இடத்தை பார்க்குக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவும் அவர் கொடுத்த விலையில் சேர்ந்தது. இரண்டாமவர் அப்ரூவல் இல்லாத மனையைப் பாதி விலையில் வாங்கினார். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், இப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்றது. ஊரே ஸ்தம்பித்தது. 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் போட்ட மனைப்பிரிவு என்றால் கட்டணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

முதலாமவருக்கு வயிறு எரியாதா? 'ஒழுங்கா இருந்தவன்தான் முட்டாளா?' என்று கேட்பார். நியாயம். அதுவும் இது முதல் தடவை இல்லை. விதிமீறிய கட்டடங்களுக்காக 1998-ல் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இந்த ஒரு தடவைதான் என்றார்கள். தேதி தள்ளிக்கொண்டே போனது. 2006-ல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்பை ரத்து செய்தது. 2012-ல் 113-சி வந்தது. அடிக்கடி வரும் மன்னிப்பு கடைசியில் ஒரு கட்டண அட்டவணையாகிவிடுகிறது. 'மீறு, அப்புறம் பார்த்துக்கலாம்.'

ஆனால், இரண்டாமவரைப் பாருங்கள். ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட்டு வாங்கியவர். சார்பதிவாளர் முத்திரைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பதிவு செய்தார். ஈ.பி. கனெக்‌ஷன் கொடுத்தது. பஞ்சாயத்து வீட்டு வரி வாங்கியது. எல்லா அலுவலகமும் தலையாட்டிய பிறகு, 'உன் வீடு செல்லாது' என்றால் அவர் எங்கே போவார்? வயலில் நாலு கல்லை நட்டு, நகர் என்று பெயர் வைத்து, விற்றுவிட்டுப் போன புரமோட்டர் இந்தக் கதையில் எங்கேயுமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் மன்னிக்கலாமா, கூடாதா? எனக்குத் தோன்றுவது இதுதான். எந்த மீறலுக்கும் முதலில், 'யாருக்கு நஷ்டம்?' என்று கேட்க வேண்டும். அரசாங்கத்துக்கு வர வேண்டிய கட்டணம் வரவில்லை என்றால், நஷ்டம் அரசாங்கத்துக்கு. கட்டணத்தை அபராதத்தோடு வாங்கிக்கொண்டு மன்னிக்க அதற்கு உரிமை உண்டு. ஆனால், ஒருவர் வாய்க்காலை அடைத்துக் கட்டினார். தண்ணீர் திரும்பிப் பள்ளத்துத் தெருவில் இருப்பவர் சமையலறைக்குள் போனது. இங்கே நஷ்டம் அந்தத் தெருக்காரருக்கு. பணம் கஜானாவுக்குப் போகிறது, மன்னிப்பை அரசாங்கம் வழங்குகிறது. நனைந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்தவருக்குச் செய்த தீங்கை மன்னிக்க நமக்கு ஏது அதிகாரம்?

2017 விதிகளிலும் நீர்நிலைகளில் உள்ள மனைகளுக்கு வரன்முறை கிடையாது. நல்ல கோடு அது. அதை அழியாமல் காப்பாற்றினாலே போதும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தபோது, அப்ரூவல் வாங்கியவர், வாங்காதவர் என்று வித்தியாசம் பார்க்கவில்லை. ஒருவர் மீறியதற்கு இன்னொருவரும் சேர்ந்தே கட்டில் மேல் பீரோ சாமானை ஏற்றினார்.

அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு அரை மணி நேரம் செலவழியுங்கள். சர்வே நம்பரை வாங்கி, சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் அது என்ன வகை நிலம் என்று பாருங்கள். பார்க் என்று காட்டிய இடம் பார்க்காகவே இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பேப்பரின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில், 'இன்ன சர்வே நம்பரை மறுவகைப்படுத்த ஆட்சேபணை உண்டா' என்று நோட்டீஸ் வரும். உங்கள் ஏரியாவாக இருந்தால் படியுங்கள். ஆட்சேபணை இருந்தால் எழுதிப் போடுங்கள். அது உங்களையும் கேட்டுத்தான் போட்டது.

மனை பார்க்கப் போகும் எல்லோரும் புரோக்கரிடம் கேட்பது, 'தண்ணி வருமா?' கேளுங்கள், தப்பில்லை. கூடவே, 'மழை பெஞ்சா தண்ணி எங்கே போகும்?' என்றும் கேளுங்கள். அவர் கை காட்டும் திசையில் ஒரு வீடு இருந்தால், கையெழுத்துப் போடுவதற்குமுன் கொஞ்சம் யோசியுங்கள்.