நோயும் தீர்ப்பும்

காய்ச்சல் கண்டு படுத்தவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, நடு இரவில் எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அவன் எரிந்து விழுந்தாலும் 'உடம்பு முடியாதவன்' என்று பொறுத்துக்கொள்ளும் அதே குடும்பம், மனம் தளர்ந்து படுத்துவிட்ட ஒருவரிடம் மட்டும் ஏன் பரிவை மறந்து விசாரணையைத் தொடங்குகிறது என்பது வெகு காலமாக என் சிந்தையை விட்டு நீங்காத கேள்வி. சோம்பல் என்கிறோம், பிடிவாதம் என்கிறோம், நோயைச் சுபாவத்தின் குற்றமாகப் பாவித்துத் தீர்ப்பும் வழங்கிவிடுகிறோம்.

கடைசி மகளையும் கட்டிக்கொடுத்துக் கடமை தீர்ந்த காலத்தில், என் பெரியம்மா விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி கிடக்கலானாள். ஆற்றி வைத்த காப்பி ஆடை படிந்து ஜில்லிட்டுப் போகும்; வெள்ளிக்கிழமை தவறாமல் போன கோயிலுக்கும் போகப் பிடிக்கவில்லை. 'எல்லாம் இருக்கிறது, உனக்கென்னடி குறைச்சல்?' என்று அவளுடைய தமக்கை கேட்டபோது, பதில் தெரியாமையே ஒரு குற்றமாகி அவளை மேலும் குன்ற வைத்தது. தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, கைகால் அசதி என்றுதான் அவள் முறையிட்டாள். நம் வீட்டுப் பெண்கள் கூச்சமின்றி வைத்தியரிடம் போகக்கூடிய காரணங்கள் அவைதாம். இருதயப் பரிசோதனை ஆயிற்று. தைராய்டுப் பரிசோதனையும் ஆயிற்று. பின்னது அவசியமானதே, ஏனெனில் தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே சோர்வு உண்டாகக்கூடும்.

எல்லாம் சரியாக இருக்கக் கண்ட வயோதிக வைத்தியர், 'காலையில்தான் பாரம் அதிகமா அம்மா? சாயங்காலம் சற்றுத் தேவலையா?' என்று கேட்டார். கடுமையான மனச்சோர்வில் பலரிடம் காணப்படும் லட்சணம் அது. பிறகு அதே நிதானத்துடன், 'உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுவதுண்டா?' என்றார். பெரியப்பா பதறிப்போனார், கேட்டால் இல்லாத எண்ணமும் முளைத்துவிடும் என்ற அச்சம் அவரை மட்டுமல்ல, நம்மில் அநேகரைப் பீடிப்பது. அப்படி முளைப்பதில்லை, உள்ளே ஒளித்து வைத்த எண்ணத்துக்கு, யாரேனும் கேட்டால்தான் வெளியே வர வழி பிறக்கிறது. பெரியம்மா 'ஆமாம்' என்றாள்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டச் சில வாரங்கள் பிடிக்கும். குணம் தெரிந்த பின்பும் பொதுவாக ஆறு மாதமாவது தொடர வேண்டும். முதல் கட்டத்தில் அவநம்பிக்கையாலும் இரண்டாம் கட்டத்தில் அதீத நம்பிக்கையாலும் மருந்தை நிறுத்துவோர் அநேகர். பெரியப்பா அவ்விரண்டுக்கும் இடம் கொடாமல், இரவுச் சாப்பாடு முடிந்ததும் தம் கையாலேயே மாத்திரையை எடுத்துக் கொடுத்து வந்தார் என்பதை நான் நன்றியுடன் நினைக்கிறேன்.

வீட்டுக்குள் தொடங்கும் தீர்ப்பு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் கண்டோம். மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் வெந்தார்கள். 28 உயிர்கள் போயின. நோய் தீருமென்று அவ்வூர்த் தர்காவை நம்பி அவர்களை அங்கே கொண்டு சேர்த்த உறவினரின் பக்தியை நான் குறைகூற மாட்டேன். வேறு கதி அறியாதவர்கள் அவர்கள். பிரார்த்தனையோடு சிகிச்சையும் நடக்கலாம் என்று எடுத்துச் சொல்ல அருகில் ஒருவரும் இல்லாமற்போனதே என் துக்கம்.

அவ்விதம் எடுத்துச் சொல்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். 1961இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல், மனச்சிதைவு நோயாளிகளின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்குமாக 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். சட்டமும் பிற்பாடு வழிக்கு வந்தது: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியிடுவதை அறவே விலக்கியதோடு, தற்கொலைக்கு முயன்றவரை, மாறாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கொள்ள வேண்டுமென்றும் விதித்தது.

ஆயினும் சட்டம் சமையலறைக்குள் வந்து 'உனக்கென்னடி குறைச்சல்' என்ற கேள்வியைத் தடுக்காது. அந்தக் கேள்விக்குப் பதிலாக வேறென்ன கேட்பது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் பேச வேண்டுமென்பதில்லை; அவரிடம் என்ன பேசுவது, எதைப் பேசாதிருப்பது என்று அறிய விரும்பும் வீட்டாரும் பேசலாம்.