குழந்தைகள் பங்கில் மிச்சம் பிடிக்கலாமா?

 

சிக்கனம் நல்லதா கெட்டதான்னு நம்ம ஊர்ப் பக்கம் கேட்டா யாரும் யோசிக்கவே மாட்டாங்க, நல்லதுதான்னு உடனே சொல்லிடுவாங்க. மழையை நம்பி நிலக்கடலையும் சோளமும் போட்ட குடும்பங்கள்ல இருந்து வந்தவங்க நாம. தறி ஓட்டினாலும், லாரி ஓட்டினாலும், கோழிப்பண்ணை வெச்சாலும், என்னை மாதிரி லேப்டாப் முன்னாடி உக்காந்திருந்தாலும், வர்ற காசுல கொஞ்சம் எடுத்து வெச்சாத்தான் ராத்திரி தூக்கம் வரும். அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கேள்வி வேற. சிக்கனமா இருக்கணும்னு முடிவு பண்றது அப்பா அம்மா. ஆனா அந்த முடிவோட பாதிப் பாரம் குழந்தைங்க தலையில போய் உக்காருது. மூணு வயசுப் பிள்ளைகிட்ட யாரும் சம்மதம் கேக்கறதில்லை, கேட்டாலும் அதுக்குப் புரியாது. அப்படின்னா அந்தப் பிள்ளைக்கு நம்ம சிக்கனம் ஒரு நல்ல குணமா, இல்ல நாம போட்ட சட்டமா?

பழனியில ஆண்டிக்கோலத்துல நிக்கறவனைத்தான் நாம கும்பிடறோம். அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. அவனுக்குக் கோவணத்தை அம்மையப்பன் கட்டி விடலை. பழம் கிடைக்கலைன்னு அந்தப் பிள்ளையே கோவிச்சுக்கிட்டுப் போய் எடுத்த கோலம் அது. பெத்தவங்க பின்னாடியே சமாதானம் சொல்ல வந்தாங்கன்னுதான் கதை. தானா எடுத்துக்கிட்டா அது துறவு. இன்னொருத்தர் எடுத்து மாட்டி விட்டா அதுக்கு அந்தப் பேர் பொருந்தாது. (ரெண்டு பிள்ளை இருக்கற வீட்டுக்கு ஒத்தைப் பழம் கொண்டு வரக்கூடாதுங்கறது நாரதர் நமக்குத் தந்த தனிப்பாடம்.)

இந்தக் கேள்வியை நிஜமாவே வாழ்ந்து பார்த்த ஒரு வீடு நம்ம மாவட்டத்துலயே இருந்திருக்கு. திருச்செங்கோடு போறவங்க மலையேறி அர்த்தநாரீஸ்வரரைப் பார்த்துட்டு, அருணகிரிநாதர் பாடிய செங்கோட்டு வேலவர் சந்நிதியிலயும் கும்பிட்டுட்டுத் திரும்பிடுவாங்க. அங்கிருந்து கொஞ்ச தூரத்துலதான் புதுப்பாளையம். 1925-ல ராஜாஜி அங்கேதான் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அவர் சேலத்துல பேர் வாங்கின வக்கீல், 1917-ல நகராட்சித் தலைவராகவும் ஆனவர். மனைவி முன்னாடியே தவறிட்டாங்க, கடைசி மகள் லட்சுமி அப்போ சின்னக் குழந்தை. ஒத்துழையாமை இயக்கத்துல வக்கீல் தொழிலை விட்டவர், சில வருஷம் கழிச்சு மகன் நரசிம்மனையும் லட்சுமியையும் கூட்டிக்கிட்டு ஆசிரமத்துக்குக் குடி வந்தார். லட்சுமிக்கு அப்போ பதிமூணு வயசு இருக்கும். டவுன்ல வக்கீல் வீட்டுப் பொண்ணு, கிராமத்து ஆசிரமத்துல கதர் கட்டி வாழ வேண்டியதாச்சு. அந்த முடிவு அப்பாவோடது.

அதுல ஒரு நியாயம் எனக்குத் தெரியுது. தன்னோட வருமானத்தைத்தான் அவர் முதல்ல வெட்டினார். பிள்ளைகள் இருந்த அதே வீட்டுலதான் அவரும் இருந்தார். ஆசிரமத்தோட பெரிய வேலைகள்ல ஒண்ணு மதுவிலக்குப் பிரச்சாரம். அதுக்காகவே 1929-ல 'விமோசனம்'னு ஒரு பத்திரிகை, அதைப் பார்த்துக்கிட்டவர் கல்கி. பின்னாடி ராஜாஜி பிரதமராகி (அப்போ மாகாண முதல்வரை அப்படித்தான் சொல்லுவாங்க) 1937 அக்டோபர் 1-ம் தேதி மதுவிலக்கைக் கொண்டு வந்தது மாகாணத்துலயே முதல்ல நம்ம சேலம் மாவட்டத்துலதான். திருச்செங்கோடு அப்போ சேலம் மாவட்டத்துல இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால இருக்கற கணக்கு ரொம்ப எளிமையானது: கள்ளுக்கடையில போற கூலி, பிள்ளைங்க சோத்துல இருந்து போகுது. அப்பன் பங்கைக் குறைச்சு பிள்ளை பங்கை நிறைக்கறது. சிக்கனத்துக்குச் சரியான திசை இதுன்னு நினைக்கறேன்.

அதே மனுஷன் 1953-ல திசையை மாத்திட்டார். கிராமத்து ஆரம்பப் பள்ளிகள்ல பாதி நாள் மட்டும் வகுப்பு, மீதி நேரம் பிள்ளைங்க வீட்டுத் தொழில் கத்துக்கட்டும்னு திட்டம். குலக்கல்வித் திட்டம்னு இன்னைக்கும் நம்ம வீடுகள்ல கோவமா பேசறோமே, அதுதான். சாதி பத்தின எதிர்ப்புதான் அதுல பெரிசு, அது நியாயமானதுதான். ஆனா அரசு சொன்ன காரணங்கள்ல ஒண்ணு சிக்கனம். அதே கட்டடம், அதே வாத்தியார், ரெண்டு ஷிஃப்ட்டுல ரெண்டு மடங்கு பிள்ளைங்க. என்னை மாதிரி இன்ஜினியர் மூளைக்கு முதல் பார்வையில அருமையான ஆப்டிமைசேஷனாத் தெரியும். ஆனா கஜானாவுல மிச்சமானது யார் பங்கு? தறிக்காரர் மகனோட அரை நாள் படிப்பு. அந்தப் பையன் அந்த முடிவுல எங்கேயும் இல்லை. எதிர்ப்பு வலுத்து 1954-ல ராஜாஜி பதவி விலகினார், அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். வேற வழியும் இருந்ததுன்னு பின்னாடி வந்த சத்துணவு காட்டிச்சு. 1982-ல எம்.ஜி.ஆர். அதைப் பெருசா விரிச்சப்போ இவ்வளவு செலவான்னு கேட்டவங்க உண்டு. அன்னைக்கு அரசு அங்கே சிக்கனம் பார்த்திருந்தா, இதைப் படிக்கற எத்தனையோ பேரோட அப்பா அம்மா பள்ளிக்கூடப் படியே ஏறியிருக்க மாட்டாங்க.

சம்மதம் பத்தி இன்னொரு சம்பவம், காந்தி தன்னோட சுயசரிதையிலயே எழுதினது. 1901-ல தென்னாப்பிரிக்காவுல இருந்து கிளம்பறப்போ அவருக்கு நகைகள் பரிசா வந்துச்சு, கஸ்தூரிபாவுக்குன்னே ஒரு தங்க நெக்லஸும் அதுல இருந்தது. எல்லாத்தையும் பொதுக் காரியத்துக்கு டிரஸ்ட்டா எழுதி வைக்கணும்னு முடிவு பண்ணிட்டார். மனைவி ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும். அதனால முதல்ல பிள்ளைங்களைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டார். அவங்க உடனே சரின்னுட்டாங்க. சின்னப் பசங்க நகையை வெச்சு என்ன பண்ணப் போறாங்க? கஸ்தூரிபா அழுது சண்டை போட்டு, நாளைக்கு வரப்போற மருமகள்களுக்கு என்ன செய்யறதுன்னு கேட்டாங்க. இவருக்காக ராத்திரி பகலா உழைச்சதுல தனக்குப் பங்கில்லையான்னும் கேட்டாங்க. கடைசியில காந்திதான் ஜெயிச்சார். ஆனா அந்த ரெண்டாவது கேள்விக்கு அவர் சரியா பதில் சொன்னதா எனக்குத் தோணலை.

ஏன்னா நம்ம வீட்டுச் சிக்கனத்துக்கும் பல நேரம் கூலி கொடுக்கறது அம்மாதான். டயப்பர் வாங்காம பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டினா மாசம் நல்ல காசு மிச்சம். எங்க அம்மாயி அப்படித்தான் அஞ்சு பிள்ளையை வளர்த்துச்சு. ஆனா அந்தத் துணியை யார் துவைக்கறது, தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வர்ற தெருவுல? ரூபாய் மிச்சமாகுது, ஒருத்தர் இடுப்பு தேயுது. அந்தச் செலவு எந்த நோட்டுலயும் ஏறறதில்லை. எங்க வீட்டுல ரெண்டாவது குழந்தைக்குத் துணிதான்னு முடிவு ஆனப்போ துவைக்கற வேலை என் பேருக்கு வந்துச்சு. சாயங்காலம் மீட்டிங் முடிஞ்சதும் வாளியோட உக்காந்துடுவேன். வெளியூர் போற நாள்ல டயப்பர்தான், அதுக்கு யாரும் கணக்குக் கேக்கறதில்லை.

சரி, எதுல மிச்சம் பிடிக்கலாம், எதுல கூடாது? எங்க வேலையில டெக்னிக்கல் டெட்னு ஒரு வார்த்தை உண்டு. இப்போ சுருக்கமா முடிச்சுட்டு அப்புறம் வட்டியோட கட்டறது. வீட்டுலயும் அதே கதைதான். பொம்மையைத் தள்ளிப் போடலாம், புதுச் சட்டையைத் தள்ளிப் போடலாம், அண்ணன் பிள்ளை போட்டு மீந்த சட்டை எங்க வீட்டுப் பீரோவுல பாதி இருக்கு. ஆனா சோத்தைத் தள்ளிப் போட முடியாது. வயித்துல 270 நாள், அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு 730 நாள், ஆக 1000 நாள்னு டாக்டர்கள் சொல்லுவாங்க. அப்போ குறைஞ்ச சத்தைப் பத்து வயசுல முழுசா ஈடுகட்டறது ரொம்பக் கஷ்டம். நாட்டுக்கே முட்டை அனுப்பற நாமக்கல்லுல உக்காந்துக்கிட்டு பிள்ளைக்கு முட்டையை எண்ணிக் கொடுத்தா அதுக்குப் பேர் சிக்கனம் இல்லை. வள்ளுவரும் இதை வேற வேற இடத்துலதான் வெச்சிருக்கார். வரவு சின்னதா இருந்தாலும் செலவு அதை மீறாம இருந்தா கேடில்லைங்கறது வலியறிதல் அதிகாரத்துல வருது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காம இறுக்கிப் பிடிக்கற இவறன்மை வர்றது குற்றங்கடிதல்ல.

இதே ஊர்லதான் தலைகீழாவும் நடக்குது. வாழைப்பழம் வாங்கக் கணக்குப் பார்க்கற வீடு, பிள்ளையை மார்க் வாங்க வைக்கற ஹாஸ்டல் ஸ்கூலுக்கு லட்சக்கணக்குல கட்டுது. கோழிப்பண்ணைன்னு அந்த ஸ்கூல்களை ஊரே கிண்டல் பண்ணும், பண்ணிக்கிட்டே அட்மிஷன் ஃபாரமும் வாங்கிட்டு வரும். அந்தப் பணத்தை மிச்சம் பிடிச்சது பிள்ளைக்காகத்தான்னு சொல்லுவோம். பிள்ளை கேட்டது சாயங்காலம் அப்பா கூட அரை மணி நேரம் விளையாட்டு. அதுக்கு ஃபீஸ் கிடையாது.

இன்னொண்ணும் என்னை உறுத்திக்கிட்டே இருக்கும். கடையில பிள்ளை எதையாவது காட்டினா "காசு இல்ல சாமி"ன்னு சொல்லிப் பழகிட்டோம். நெஜமா காசு இல்லாத வீட்டுல அது உண்மை, அந்த வீட்டுப் பிள்ளை அதைச் சீக்கிரமே புரிஞ்சுக்கும். பேங்க்ல இருக்கும்போது சொன்னா அது பொய். "வாங்க வேண்டாம்னு முடிவு பண்ணிருக்கோம் கண்ணு"ன்னு சொல்றது கஷ்டம், ஏன்னா அடுத்து "ஏன்?"னு வரும், நாம பதில் சொல்லியாகணும். பதில் சொல்ல முடியாத சிக்கனமா இருந்தா அதைத் திரும்பவும் யோசிச்சுப் பார்க்கணும்.

எந்த வயசுல இருந்து பிள்ளைங்க சம்மதத்தைக் கேக்கறதுன்னு எனக்கும் வீட்டுக்காரிக்கும் இன்னும் வாக்குவாதம் ஓடிக்கிட்டு இருக்கு. பெரியவளுக்கு நாலு வயசு. இப்போதைக்குச் சந்தைக்குப் போனா அவ கையில பத்து ரூபாய் கொடுக்கறோம். என்ன வாங்கினாலும் கேள்வி கிடையாது. போன வாரம் பலூன் வாங்கினா, வீதி முக்கு வர்றதுக்குள்ள வெடிச்சுடுச்சு. இந்த வாரம் கமர்கட் இருக்கு, கடலை மிட்டாய் இருக்குன்னு அவங்க அம்மா எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தா. மறுபடியும் பலூன்தான்.

வேலும் மயிலும் துணை.